மைக்ரோஸ்கோப்பியில் "கெரட்டின் பேர்ல்ஸ்" இருந்தால் 8071 போடலாமா? தலை, கழுத்துப் புற்றுக்கான ஹிஸ்டாலஜி கோடிங்

வாணி_பதிவேடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் கோடிங் பார்க்கிறேன், அதாவது ரிப்போர்ட்டில் உள்ள புற்று வகைக்கு எண் போடுகிற வேலை. எங்களிடம் வருவதில் பெரும்பகுதி வாய்ப் புற்று. கன்னம், நாக்கு, ஈறு என்று வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இப்போது என் மேஜையில் இருக்கும் ஒரு ரிப்போர்ட்டை அப்படியே தருகிறேன், நோயாளி விவரம் எதுவும் இல்லாமல்:

"இடது பக்கல் மியூகோசா, இன்சிஷனல் பயாப்ஸி. மைக்ரோஸ்கோப்பி: டிஸ்பிளாஸ்டிக் ஸ்குவாமஸ் எபிதீலியம், ஸ்ட்ரோமாவுக்குள் ஊடுருவும் ட்யூமர் தீவுகள், ஆங்காங்கே கெரட்டின் பேர்ல்ஸ். இம்ப்ரெஷன்: மாடரேட்லி டிஃபரென்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா."

கன்னத்தின் உட்புறக் கட்டி இது. இதற்கு நான் 8070/3 (வெறும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா; /3 என்றால் ஊடுருவும் புற்று) போட்டேன், கிரேடு 2. பக்கத்து சீட்டில் இருப்பவர் 8071/3, அதாவது கெரட்டின் என்ற கடினப் புரதத்தை உண்டாக்கும் கெரட்டினைசிங் வகை, என்கிறார். "கெரட்டின் இருக்கிறதே, அப்புறம் கெரட்டினைசிங் இல்லாமல் என்ன?" என்று கேட்கிறார். ஒரே அறையில் ஒரே மாதிரி ரிப்போர்ட்டுக்கு இரண்டு கோடு போய்க்கொண்டிருக்கிறது. எது சரி? விதியோடு சொல்லுங்கள், அவரிடம் காட்ட வேண்டும்.

மூத்த_பதிவாளர்:

வாணி, 8070/3, கிரேடு 2. நீங்கள் போட்டதுதான் சரி.

ரிப்போர்ட்டில் மருத்துவர் கையெழுத்துப் போடுவது இம்ப்ரெஷனுக்கு. அதில் "கெரட்டினைசிங்" என்ற சொல் இல்லை. மேலே மைக்ரோஸ்கோப்பியில் இருப்பது அவர் கண்ணில் பட்டது. அதைப் பார்த்துவிட்டு அவர் வந்து சேர்ந்த முடிவு கீழே இருக்கிறது. நம் கோடு முடிவுக்கு உரியது. அவர் "வெல் டிஃபரென்ஷியேட்டட் கெரட்டினைசிங் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா" என்று இம்ப்ரெஷனிலேயே எழுதினால் தயங்காமல் 8071/3, கிரேடு 1.

இன்னொன்று, "மாடரேட்லி டு புவர்லி" என்று வந்தால் கிரேடு 3. இரண்டு தரம் சொல்லியிருந்தால் உயர்ந்ததை எடுக்க வேண்டும் என்பது ஐ.சி.டி.-ஓ, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்க் கோடு புத்தகம், சொல்லும் விதி. நடுவில் நின்று 2 போடுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

கோடர்_சேலம்:

மூத்தவர் சொல்வதை மறுத்துப் பேசத் தயக்கம்தான், ஆனாலும் கேட்கிறேன். ஐ.சி.டி.-ஓவில் விதி கே இருக்கிறதே? ஒரே கோடுக்குள் எல்லாச் சொற்களும் அடங்காவிட்டால், பெரிய எண் உள்ள கோடு கூடுதலாகக் குறிப்பிட்டுச் சொல்வதால் அதை எடு என்கிறது. 8070 என்றால் வெறும் என்.ஓ.எஸ். (உள்வகை குறிப்பிடாதது), 8071 என்றால் கெரட்டினைசிங். தகவல் கையில் இருக்கும்போது என்.ஓ.எஸ்.ஸில் போட்டு ஏன் தொலைக்க வேண்டும்? என்.ஓ.எஸ். சதவீதம் கூடினால் பதிவேட்டின் தரம் குறைவு என்றுதானே ஆடிட்டிலும் கேட்கிறார்கள்?

மூத்த_பதிவாளர்:

நல்ல கேள்வி சேலம் தம்பி, தயங்க ஒன்றுமில்லை. விதி கே, நோய் முடிவில் இரண்டு மார்ஃபாலஜிச் சொற்கள் (திசு வகைச் சொற்கள்) இருக்கும்போது வேலை செய்கிற விதி. இங்கே முடிவில் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டாவதை நாம் மேலே போய் எடுத்துக்கொண்டு வருகிறோம். அப்படி எடுக்க ஆரம்பித்தால் "ஃபோகல் கிளியர் செல் சேஞ்ச்", "பேஸலாய்ட் பேட்டர்ன்" எல்லாவற்றுக்கும் கோடு போட வேண்டியதாகிவிடும். அமெரிக்க விதிப்புத்தகம் ஃபோகல், பேட்டர்ன், ஆர்க்கிடெக்சர் போன்ற சொற்களோடு வருவதைக் கோடு செய்யாதே என்று நேரடியாகவே சொல்லிவிடுகிறது.

என்.ஓ.எஸ். கூடினால் தரம் குறைவு என்பது 8000/3, 8010/3 மாதிரி ஒன்றும் தெரியாத கோடுகளுக்குப் பொருந்தும். 8070/3 அந்த வகை இல்லை.

ஸ்லைடு_டாக்டர்:

நான் பதிவேட்டுக்காரன் இல்லை, பேத்தாலஜிஸ்ட். நாங்கள் எழுதுவதை நீங்கள் எப்படிப் படிக்கிறீர்கள் என்பது எங்களில் பலருக்குத் தெரியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வாயில் வரும் ஸ்குவாமஸ் புற்று பெரும்பாலும் கெரட்டின் உண்டாக்கும். அது அதன் இயல்பு. ஒரு டாக்டர் "கெரட்டினைசிங்" என்று எழுதுவார், பக்கத்து டாக்டர் எழுத மாட்டார். ஸ்லைடில் இருப்பது ஒன்றேதான். கன்னத்துப் புற்றுக்கு அந்தச் சொல் பெரும்பாலும் எழுதுகிறவரின் வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் 2017 வகைப்பாட்டிலும் வாய்க்குழிக்குச் சாதாரண ஸ்குவாமஸ் புற்று என்று ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கெரட்டினைசிங், நான்-கெரட்டினைசிங் என்று பிரிக்கவில்லை.

அடுத்தது முக்கியம். கெரட்டின் எவ்வளவு என்று பார்த்துத்தான் நாங்கள் கிரேடே சொல்கிறோம். 1920-இல் மேயோ கிளினிக்கின் பிராடர்ஸ் உதட்டுப் புற்றைத் தரம் பிரித்த காலத்திலிருந்து, செல்கள் எவ்வளவு முதிர்ந்து கெரட்டின் ஆகின்றன என்பது அந்தக் கணக்கில் இருக்கிறது. ஆக "கெரட்டின் பேர்ல்ஸ்" என்ற தகவல் உங்கள் கிரேடு எண்ணுக்குள் ஏற்கெனவே போய்விட்டது. அதை வைத்து 8071-உம் போட்டால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுகிறீர்கள்.

ஆனால் இதையே டான்சிலுக்கும் நேசோஃபேரிங்ஸுக்கும் கொண்டுபோகாதீர்கள். அங்கே கதை வேறு. டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் நான்-கெரட்டினைசிங் வடிவம் எச்.பி.வி. வைரஸோடு நெருக்கமாகப் போகும். நேசோஃபேரிங்ஸில் நான்-கெரட்டினைசிங் என்றால் எப்ஸ்டீன்-பார் வைரஸ். மூக்கின் பின்புறப் புற்று நாகாலாந்தில் அதிகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் பெரும்பாலும் இந்த வகைதான். இந்த இரண்டு இடத்திலும் 8071-ஆ 8072-ஆ (நான்-கெரட்டினைசிங்) என்பதற்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. நோயின் காரணமும் போக்கும் அதோடு சேர்ந்து மாறும்.

எனவே கன்னத்து ரிப்போர்ட்டில் அந்தச் சொல் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். டான்சில் ரிப்போர்ட்டில் இல்லையென்றால் எங்களுக்குப் போன் செய்யுங்கள். ஸ்லைடை எடுத்துப் பார்த்து அடெண்டம் (கூடுதல் குறிப்பு) எழுதித் தர அதிக நேரம் ஆகாது.

வாணி_பதிவேடு:

டாக்டர், இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கிரேடுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது என்ற வாதம் போதும், சேலத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதே போல எங்களைக் குழப்புகிற இன்னொன்று வெர்ரூகஸ், அதாவது மருப் போல வளரும் வகை. ஒரு ஃபைல் இப்படிப் போகிறது. கேஸ் ஷீட்டில் சர்ஜன், "வெர்ருகோபேப்பில்லரி குரோத், வலது பக்கல் மியூகோசா" என்று எழுதியிருக்கிறார். முதல் பயாப்ஸி வெர்ரூகஸ் ஹைபர்பிளேசியா (புற்று ஆகாத மிகை வளர்ச்சி). இரண்டாவது பயாப்ஸி வெர்ரூகஸ் கார்சினோமா. அறுவைக்குப் பின் வந்த ரிப்போர்ட்டில் "வெல் டிஃபரென்ஷியேட்டட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா, வெர்ரூகஸ் கார்சினோமாவின் பின்னணியில்" என்று இருக்கிறது. 8051-ஆ (வெர்ரூகஸ்), 8070-ஆ?

ஸ்லைடு_டாக்டர்:

8070. காரணம் சொல்கிறேன்.

வெர்ரூகஸ் கார்சினோமாவை 1948-இல் அக்கர்மன் தனியாக எடுத்துக் காட்டியதே, அது மற்றதைப் போலப் பரவுவதில்லை என்பதற்காகத்தான். கழுத்து நெறிக்கட்டிக்குப் போவது மிக அரிது. அடியில் அகலமாக, மழுங்கிய விளிம்போடு தள்ளிக்கொண்டு இறங்குமே தவிர, சிதறி ஊடுருவாது. அதற்குள் சாதாரண ஸ்குவாமஸ் புற்று ஒரு இடத்தில் முளைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விட்டது. சிகிச்சையும் சாதாரண ஸ்குவாமஸ் புற்றுக்கு உரியதுதான். அறுவை ரிப்போர்ட் எழுதியவர் அதை முதலில் வைத்து, வெர்ரூகஸைப் பின்னணி என்று எழுதியிருப்பதும் அதற்காகத்தான்.

முதல் பயாப்ஸி ஏன் ஹைபர்பிளேசியா என்று சொன்னது என்று யோசிக்க வேண்டாம். மேலாக எடுத்த துணுக்கில் அடிப்பகுதி வராது. அடி தெரியாமல் வெர்ரூகஸ் கார்சினோமாவை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூத்த_பதிவாளர்:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பயாப்ஸியும் அறுவை மாதிரியும் வேறுவேறு சொன்னால், கட்டி அதிகமாகக் கிடைத்த மாதிரியை நம்ப வேண்டும். பெரும்பாலும் அது அறுவை மாதிரிதான். ஆனால் நோயாளிக்கு அறுவைக்கு முன்னால் கீமோ கொடுத்திருந்தால் அந்த வழக்கம் செல்லாது. மருந்து பட்ட திசு மாறிப்போயிருக்கும், சில சமயம் கட்டியே மிஞ்சாது. அப்போது சிகிச்சைக்கு முந்தைய பயாப்ஸியை எடுங்கள்.

அப்புறம், சர்ஜன் கேஸ் ஷீட்டில் எழுதும் "வெர்ரூகஸ் குரோத்" என்பது கண்ணால் பார்த்த தோற்றம். பயாப்ஸி ஸ்குவாமஸ் என்று சொன்னால் அதை வைத்து 8051 போடக் கூடாது. டேட்டா எடுக்கப் போகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியை மட்டும் பார்த்துப் பதிவேட்டின் கோர் ஃபார்ம் நிரப்புவதால் இது வருகிறது. பேத்தாலஜி ரிப்போர்ட்டைப் பார்க்காமல் மார்ஃபாலஜி நிரப்பாதே என்று எங்கள் பதிவேட்டில் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறோம்.

பெயர் ஒன்று போல ஒலிக்கும் கோடுகளும் இருக்கின்றன. அடினாய்ட் ஸ்குவாமஸ் 8075, அடினோஸ்குவாமஸ் 8560, உமிழ்நீர்ச் சுரப்பியில் வரும் அடினாய்ட் சிஸ்டிக் 8200. பேஸலாய்ட் ஸ்குவாமஸ் 8083, தோலில் வரும் பேஸல் செல் 8090. கையெழுத்து ரிப்போர்ட் என்றால் முழுச் சொல்லையும் படித்துவிட்டுப் போடுங்கள்.

நைட்ஷிப்ட்_கோடர்:

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் கேன்சர் ரெஜிஸ்ட்ரி அப்ஸ்ட்ராக்ட் செய்கிறவன். டான்சில் பேச்சு வந்ததால் பி16 விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் டீமில் அதிகம் திருத்தப்படுவது இதுதான்.

8085 என்றால் எச்.பி.வி. பாசிட்டிவ் ஸ்குவாமஸ், 8086 என்றால் நெகட்டிவ். இரண்டும் அங்கே 2018-இல் புழக்கத்துக்கு வந்தன. ஆனால் 2018 முதல் 2021 வரை கண்டறியப்பட்ட கேஸ்களுக்கு, வைரஸையே நேரடியாகத் தேடும் சோதனை இருந்தால்தான் அவற்றைப் போடலாம். பி16 என்பது ஒரு புரதத்துக்கான சாயச் சோதனை, வைரஸ் இருப்பதற்கான மறைமுக அடையாளம். அது மட்டும் பாசிட்டிவ் என்றால் 8085 கிடையாது. 2022 ஜனவரி 1 முதல் கண்டறியப்பட்டவற்றுக்கு பி16 முடிவே போதும் என்று விதி மாறியது. ஆக 2021 டிசம்பரில் கண்டறிந்த டான்சில் கேஸும் 2022 ஜனவரியில் கண்டறிந்த டான்சில் கேஸும் ஒரே மாதிரி ரிப்போர்ட்டோடு வந்தாலும் கோடு வேறு. எந்த வருட விதி என்பதை முடிவு செய்வது நோய் கண்டறிந்த தேதி, நாம் கோடு போடும் தேதி இல்லை.

இது ஓரோஃபேரிங்ஸ் பகுதிகளுக்கு (டான்சில், நாக்கின் அடி உள்ள தொண்டைப் பகுதி) மட்டும்தான். கன்னத்துப் புற்றில் யாரோ பி16 பார்த்துப் பாசிட்டிவ் வந்தாலும் 8085 போடக் கூடாது.

கோடர்_சேலம்:

2018-21 கேஸ்களில் பி16 தகவல் அப்படியே போய்விடுமா அண்ணா?

நைட்ஷிப்ட்_கோடர்:

போகாது. பி16-க்குத் தனிக் கட்டம் இருக்கிறது, அதில் போய்விடும். ஸ்டேஜிங்குக்கு அது கட்டாயம் வேண்டும். ஸ்டேஜ் பிரிக்கும் ஏ.ஜே.சி.சி. கையேட்டின் எட்டாம் பதிப்பில் பி16 பாசிட்டிவ் ஓரோஃபேரிங்ஸ் புற்றுக்கு ஸ்டேஜ் அட்டவணையே தனி. ஹிஸ்டாலஜி 8070 என்று இருக்கும்போதே பி16 பாசிட்டிவ் அட்டவணையில் ஸ்டேஜ் போடுகிற கேஸ்கள் உண்டு. இரண்டும் முரண் என்று நினைத்து எதையாவது மாற்றிவிடாதீர்கள்.

ஸ்லைடு_டாக்டர்:

பி16 பாசிட்டிவ் என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. கட்டிச் செல்களில் 70 சதவீதமாவது, நியூக்ளியஸிலும் சைட்டோபிளாசத்திலும் ஓரளவுக்கு மேல் அடர்த்தியாகச் சாயம் ஏறியிருக்க வேண்டும். "ஃபோகல் பி16 பாசிட்டிவ்" என்று எழுதியிருந்தால் அதைப் பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளாமல் கேட்டுவிடுங்கள்.

எண்_கணக்கன்:

பதிவேட்டுத் தரவை வைத்துப் போக்கு பார்க்கிறவன். இந்த எண்கள் எங்களிடம் வந்து என்ன ஆகின்றன என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்தியாவில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கிய காலத்தில், 1982-லேயே மெட்ராஸ் பதிவேடு வந்துவிட்டது, பெங்களூரோடும் பம்பாயோடும் சேர்ந்து. ஐ.சி.டி.-ஓ முதல் பதிப்பு 1976, இரண்டாவது 1990, மூன்றாவது 2000. அதாவது ஒரே ஊரின் தரவு மூன்று பதிப்புகளையும் தாண்டி வந்திருக்கிறது. நாற்பது ஆண்டுப் போக்கை வரையும்போது ஒரு கோடு திடீரென்று ஏறினால் நான் முதலில் கேட்பது நோய் கூடியதா என்று இல்லை, கோடிங் எப்போது மாறியது என்று. அமெரிக்கத் தரவில் 2022-இல் 8085 கூடினால், அதில் ஒரு பங்கு பி16 விதி மாற்றத்தால் வருவது. அந்தத் தேதி தெரியாதவர், வைரஸ் ஒரே வருடத்தில் பரவியதாக எழுதிவிடுவார்.

வாணி சொன்ன 8070, 8071 விஷயத்தில் வாய்க்குழிக்கு நாங்கள் இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறோம். அதனால் அங்கே பெரிய சேதம் இல்லை. ஆனால் டான்சிலிலும் நேசோஃபேரிங்ஸிலும் அதே பழக்கத்தைக் கொண்டுபோனால் எங்களால் மீட்கவே முடியாது. அங்கே பிரித்துத்தான் பார்க்கிறோம்.

எனக்கு இதைவிடப் பெரிய தலைவலி "சி.ஏ. லோயர் ஜா" (கீழ்த்தாடைப் புற்று). அதைத் தாடை எலும்பு என்று எடுத்து சி41.1 என்ற இடக் குறியீட்டைப் போட்டு, ஹிஸ்டாலஜி 8070/3 என்று வருகிறது. எலும்பில் ஸ்குவாமஸ் புற்று எப்படி? ஐ.சி.டி. புத்தகத்திலேயே சி41.1-க்கு விலக்கு எழுதியிருக்கிறது: எலும்புக்குள்ளேயே தொடங்கியதோ பல் திசுவில் தொடங்கியதோ தவிர, கீழ்த்தாடைக் கார்சினோமா எல்லாம் சி03.1, அதாவது கீழ் ஈறு. மேல் தாடை என்றால் சி03.0, மேக்சில்லரி சைனஸில் தொடங்கியிருந்தால் சி31.0. இந்த இடத்தில் ஹிஸ்டாலஜிதான் இடத்தைத் திருத்துகிறது. அமீலோபிளாஸ்டிக் கார்சினோமா, 9270/3, என்றால் சி41 சரி. 8070 என்றால் ஈற்றைப் பாருங்கள். ஒவ்வொன்றும் இப்படி எலும்புக்குப் போனால் ஈற்றுப் புற்று குறைந்து காட்டும். புகையிலையை ஈற்றோரம் அடக்கிவைக்கிற நம் ஊரில் அந்த எண் குறைந்து தெரிவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வாணி_பதிவேடு:

பதிவேட்டு மென்பொருளான கேன்ரெக்கில் இந்தச் சேர்க்கைக்கு எச்சரிக்கை வரும். நிறைய பேர் சரிபார்த்தாயிற்று என்று அமுக்கிவிட்டுப் போகிறார்கள். இனி நான் அமுக்க மாட்டேன் சார்.

ஒரே ஆளுக்கு இரண்டு கட்டி வந்தால்? கன்னத்தில் வெர்ரூகஸ், சில வருடம் கழித்துக் கீழ் ஈற்றில் ஸ்குவாமஸ். ஹிஸ்டாலஜி வேறு என்று இரண்டு பதிவு போடலாமா?

எண்_கணக்கன்:

மக்கள்தொகைப் பதிவேட்டுக்கு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையான ஐ.ஏ.ஆர்.சி.யின் 2004 விதிப்படி ஒன்றுதான். உதடு, ஈறு, வாயின் தரை, அண்ணம், கன்னம் எல்லாம் ஒரே இடக் குழு. 8051-உம் 8070-உம் ஒரே ஸ்குவாமஸ் குழு. எத்தனை வருடம் இடைவெளி என்பது கணக்கில் இல்லை. கன்னம், பிறகு நாக்கு என்றால் இடக் குழு வேறு, இரண்டாக எண்ணலாம். கன்னத்தில் ஸ்குவாமஸ், அண்ணத்தில் அடினாய்ட் சிஸ்டிக் என்றால் இடக் குழு ஒன்றாக இருந்தாலும் ஹிஸ்டாலஜிக் குழு வேறு, இரண்டு.

இந்த விதி கறாராகத் தெரியலாம். ஆனால் 1953-லேயே ஸ்லாட்டர் குழு காட்டியது போல, வாய்ப் புற்றில் சுற்றியுள்ள சளிப்படலம் முழுக்கவே கெட்டிருக்கும். அடுத்தடுத்துக் கட்டி முளைக்கும். ஒவ்வொன்றையும் எண்ணினால் நாடுகளுக்கிடையே ஒப்பிடவே முடியாது.

நைட்ஷிப்ட்_கோடர்:

அமெரிக்க விதி இதில் வேறு. நோய் இல்லாமல் ஐந்து வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு மறுபடி வந்தால் புது பிரைமரி, அதாவது புதிதாகத் தொடங்கிய கட்டி. வாணி, உங்கள் பதிவேடு எந்த விதியில் ஓடுகிறது என்பதைக் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கோடர்_சேலம்:

கடைசியாக ஒன்று. கழுத்துக் கட்டியில் எஃப்.என்.ஏ.சி. (ஊசியால் எடுத்த செல் சோதனை), "மெட்டாஸ்டாடிக் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா". பிரைமரி கிடைக்கவில்லை. 8070/6 போடுகிறேன், சிஸ்டம் ஏற்கவில்லை.

மூத்த_பதிவாளர்:

ஏற்காது. /6 என்றால் வேறு இடத்திலிருந்து பரவி வந்த கட்டி, அது பேத்தாலஜி லேபின் பயன்பாட்டுக்கு உரியது. பதிவேடு தொடங்கிய இடத்தைத்தான் பதியும், அதனால் எப்போதும் /3. இடம் தெரியவில்லையென்றால் சி80.9, 8070/3, நோயறிந்த முறை சைட்டாலஜி. நெறிக்கட்டியின் இடக் குறியீட்டைப் போட்டுவிடாதீர்கள்.

ஆனால் சி80.9 போடும் முன் ஃபைலை முழுக்கப் புரட்டுங்கள். எண்டோஸ்கோப்பி நோட்டிலோ சி.டி. ரிப்போர்ட்டிலோ "பைரிஃபார்ம் சைனஸ் குரோத்" என்று ஒரு வரி கிடக்கும். டாக்டர் அதையே பிரைமரியாக எடுத்துச் சிகிச்சை கொடுத்திருந்தால் சி12.9, 8070/3.

நைட்ஷிப்ட்_கோடர்:

இப்படி இடம் தெரியாதது அமெரிக்கக் கேஸ் என்றால் சி76.0 (தலை, கழுத்து). நெறிக்கட்டியில் பி16 பாசிட்டிவ் வந்தால் சி10.9 (ஓரோஃபேரிங்ஸ்), எப்ஸ்டீன்-பார் பாசிட்டிவ் என்றால் சி11.9 (நேசோஃபேரிங்ஸ்).

வாணி_பதிவேடு:

எல்லோருக்கும் நன்றி. பக்கத்து சீட்டுக்காரரும் இந்த இழையைப் படித்துவிட்டார், ஒப்புக்கொண்டார். இனி எங்கள் அறையில் இம்ப்ரெஷனில் சொல் இருந்தால் 8071, இல்லையென்றால் 8070. டான்சில், நாக்கு அடி, நேசோஃபேரிங்ஸ் ரிப்போர்ட்டுகளில் சொல் இல்லையென்றால் பேத்தாலஜிக்குப் போன்.

ஏற்கெனவே 8071 என்று போனவற்றை என்ன செய்வது? எல்லாவற்றையும் 8070 ஆக்கிவிடலாமா?

மூத்த_பதிவாளர்:

மொத்தமாக மாற்றாதீர்கள். அதில் டாக்டர் உண்மையிலேயே "கெரட்டினைசிங்" என்று எழுதியவையும் இருக்கும். 8071 உள்ள கேஸ்களைத் தனியாக எடுத்து, முதலில் சி09, சி10, சி01, சி11 (டான்சில், ஓரோஃபேரிங்ஸ், நாக்கு அடி, நேசோஃபேரிங்ஸ்) ரிப்போர்ட்டுகளைத் திரும்பப் பாருங்கள். பிரித்துப் பார்க்கப்படுவது அவைதான். நேரம் கிடைத்தால் கன்னமும் ஈறும். இம்ப்ரெஷனில் சொல் இல்லாதவற்றை மட்டும் திருத்துங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த முறை என்று கையேட்டில் ஒரு வரி எழுதி, எண்_கணக்கன் மாதிரி உங்கள் தரவை வாங்குகிறவருக்கும் அதை அனுப்பிவிடுங்கள்.